சத்தம் போடாத மெட்டி

இன்று காலை கிணற்றடிக் கல்லின் மேல் நடந்தபோது என் மெட்டிச் சத்தம் கேட்கவில்லை. முதலில் கவனித்தது அதைத்தான். குடம் தூக்கக் கூடாது என்று அத்தையின் உத்தரவு, அதனால் ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் மொண்டுகொண்டு திரும்பினேன். அந்தக் கல்லில் தினமும் டிக் டிக் என்று கேட்கும். இன்று ஈரத்துணி விழுந்த மாதிரி வெறும் பாதத்தின் சத்தம். குனிய முடியாததால் நின்று, புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை முன்னால் நீட்டிப் பார்த்தேன். இரண்டாவது விரலில் மெட்டி இருந்தது. ஆனால் விரலைச் சுற்றி இல்லை, விரலுக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் சதை எழும்பி அதைப் பாதி மூடியிருந்தது. மற்றக் காலும் அப்படித்தான். புடவையைக் கீழே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

உனக்கு இன்னும் பெயர் இல்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. அத்தை, அதாவது உன் அப்பாவைப் பெற்றவர், பேரன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு நானும் மகன் என்றே நினைத்து எழுதுகிறேன். மகளாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, இதில் இருப்பது உனக்கு இன்னும் அதிகமாகவே வேண்டியிருக்கும். நீ வளர்ந்து, மீசை முளைத்து, என்னைவிட மூத்தவனாக ஆன பிறகு இதைப் படிக்கலாம். எனக்கு இப்போது பதினேழு வயது. பதினேழு வயதுக்காரி இருபது வயது மகனுக்குப் புத்தி சொல்வது வேடிக்கைதான். ஆனால் உனக்கு இருபது வயதாகும்போது நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே எதுவும் எடுத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். தொட்டில் கயிறு வாங்கக் கூடாது, சட்டை தைக்கக் கூடாது, பெயர் யோசிக்கக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். அப்படிப் பார்த்தால் இந்தக் கடிதமும் கூடாத காரியம்தான். என் பள்ளிக்கூட நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்கள் இவை. ஐந்தாவது பாதியில் நிறுத்திவிட்டேன், அதனால் பக்கங்கள் நிறைய மிச்சம் இருக்கின்றன.

உன் அப்பா பட்டாளத்தில் இருக்கிறார். பாகூரிலிருந்து இன்னும் நாலைந்து பேரோடு ஐப்பசிக் கடைசியில் கப்பலேறினார். சண்டை எங்கேயோ நடக்கிறது. இங்கே அதனால் பர்மா அரிசி வருவதில்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, புதுச்சேரிக்குப் போகிற பஸ் கரியைப் போட்டு ஓட்டப்படுகிறது. தை மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெயில் அதிகம், தண்ணீர் கம்மி, சௌக்கியம் என்று இருந்தது. நடுவில் இரண்டு வரியை யாரோ மைபூசி அழித்திருந்தார்கள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மைபூசிய இடத்தைத்தான் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். அதன் பிறகு கடிதம் இல்லை. இப்போது வைகாசி. உன் தாத்தா வாரத்துக்கு இரண்டு தடவை மேரிக்கு, அதாவது பிரெஞ்சுக்காரன் ஊர்க் கச்சேரிக்குப் போய், அதன் வாசலில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டுவிட்டு வந்து, இல்லை என்று சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார். நீ என் வயிற்றில் இருப்பது உன் அப்பாவுக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. எழுதிப் போட்டோம், போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஆள் இல்லை.

அத்தை அழுது நான் பார்த்ததில்லை. கேலி பேசுவார், திட்டுவார், எனக்கென்று மோரில் உப்புப் போடாமல் எடுத்து வைப்பார். ஆனால் மாசி மாதத்தில் ஒருநாள் நான் கூடத்தைத் தாண்டிப் போகும்போது சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "இந்தா, மெல்லப் போவாத, நல்லா மிதிச்சிப் போ. உன் மெட்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் எம்புள்ள எங்கியோ நடந்துகினு இருக்கான்னு எனக்கு அர்த்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அத்தை இருக்கிற பக்கமாகப் போகும்போதெல்லாம் நான் காலைக் கொஞ்சம் அழுத்தி வைத்தே நடந்தேன். மெட்டி என்ன என்று நீ ஆண்பிள்ளையானால் யோசித்திருக்க மாட்டாய். தாலி கட்டிய அன்று அம்மி மேல் காலை வைத்துப் புருஷன் போட்டுவிடுவது. அவர் இருக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது. கழற்றுகிற நாள் ஒன்றுதான் உண்டு. அது எந்த நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது என் விரலில் அது புதைந்திருக்கிறது. சோப்புப் போட்டாலும் வராது. வெளியே சொன்னால் நகைப் பத்தரைக் கூப்பிட்டு அரம் வைத்து அறுக்கச் சொல்லுவார்கள். மகனிடமிருந்து கடிதம் வராத வீட்டில், மருமகளின் மெட்டியை அறுக்க வேண்டும். அந்தச் சத்தத்தை அத்தை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இந்த வீக்கத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதது. என் அக்கா அஞ்சலாட்சி என்னைவிட ஏழு வயது மூத்தவள். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் ஊர் பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் எல்லையில். எனக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவுக்குக் கால் பிடித்துவிடுவது என் வேலை. ஒருநாள் அவள் கணுக்காலில் என் கட்டைவிரலை அமுக்கி எடுத்தேன். பிசைந்த மாவில் விழுவது போலக் குழி விழுந்து அப்படியே நின்றது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று வரிசையாகப் போட்டேன். முதல் குழி நிரம்புவதற்குள் எத்தனை போடலாம் என்று விளையாடினேன். அக்காவும் சிரித்தாள். பிறகு புடவையை இழுத்து மூடிக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதடி. சொன்னா மெட்டிய அறுக்கணும்பாங்க. அவருக்குக் காய்ச்சல்னு சேதி வந்துருக்குது. இந்த நேரத்துல வேணாம்" என்றாள். என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா என்னிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறாள் என்று.

அதன் பிறகு அவள் புடவையைத் தரையைத் தொடும்படி இறக்கிக் கட்டினாள். அம்மா, நடக்கும்போது தடுக்கிவிடும் என்று திட்டிக்கொண்டே இருந்தாள். அக்காவுக்குத் தலைவலி வந்தது. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்று என்னிடம் சொன்னாள். பகலில் ஏது மின்மினி என்று நான் கேட்டேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கை கால் வெட்டி இழுத்து விழுந்தாள். வண்டியில் போட்டுக் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன், என்னை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை. அங்கே டாக்டர் அக்காவின் புடவையைக் கணுக்கால் வரை தூக்கினார். நான் அமுக்கிய அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். குழி விழுந்தது. "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாய் திறக்க வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான், விடை தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். வீங்கினபோதே கூட்டி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அக்காவும் போனாள், குழந்தையும் போயிற்று. அம்மா மூன்று மாதம் அடுப்படிக்கே வரவில்லை. சமைக்க ஆள் வேண்டுமென்று என் படிப்பு நின்றது. காய்ச்சலில் இருந்த அக்கா புருஷன் பிழைத்து எழுந்தார். இரண்டாம் தாரம் கட்டி, மூன்று பிள்ளைகளோடு இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கா காப்பாற்ற நினைத்தது அவரை. அவர் காய்ச்சல் போகவேண்டிய நேரத்தில் போய்விட்டது. மெட்டிக்கும் அதற்கும் என்ன இருந்தது என்று நான் ஆறு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ வந்ததிலிருந்து நான் இந்த வீட்டில் இருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். உடம்பு இங்கே மாவரைக்கும், வாசல் தெளிக்கும். மனசு எங்கேயோ முன்னால் ஓடிப்போய் நிற்கும். நான் இதற்குள் பலமுறை செத்துவிட்டேன். யார் யார் வருவார்கள், அம்மா எப்படி விழுவாள், உனக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளுமா, அத்தை உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போவாரா என்று எல்லாம் பார்த்துவிட்டேன். வேறொரு நாள், நான் பிழைத்து, உன் அப்பாதான் வரவில்லை என்று பார்ப்பேன். மேரியிலிருந்து ஆள் வருகிறது, உன் தாத்தா துண்டை வாயில் வைக்கிறார். இப்படி நடக்காததையெல்லாம் நான் வாழ்ந்தேன். நடந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டேன். நீ முதலில் அசைந்த நாள் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாசியா பங்குனியா என்றுகூட நினைவில்லை. ஒரு தாய்க்கு இது தெரியாமல் இருக்குமா என்று நீ கேட்கலாம். கேள். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா விஷயத்திலும் இதே தப்பைத்தான் செய்தேன். கல்யாணமாகி ஆறு வாரத்தில் அவருக்குப் புறப்படுகிற நாள் குறித்துவிட்டார்கள். போவதற்கு நாலு நாள் முன்னால், "வா புள்ள, ஏரிக்கரைக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். மழை விட்டிருந்தது. ஏரி நிறையத் தண்ணீர் என்று சொன்னார்கள். நான் பார்த்ததாக நினைவில்லை. கரைமேல் நடக்கிற நேரம் முழுக்க, எப்போது வருவீர்கள், எந்த ஊர், எத்தனை மாதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பேசாதவள் அன்றைக்குத்தான் அவ்வளவு பேசினேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றார். "எனக்கே தெரியாதத எத்தினி தடவ கேப்ப? நாளைக்கி இன்னான்னு அங்க போனாத்தான் தெரியும். இன்னிக்கி தண்ணி வந்துருக்குது, அதப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் வீசினார். நான் கல்லையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, நாலு நாளைக்கு அப்புறம் இருந்த நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நீ என்னிடம் அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால், அன்றைக்கு அவர் போட்டிருந்தது என்ன சட்டை என்றுகூட என்னால் சொல்ல முடியாது. கல் வீசின கை இடதா வலதா என்றும் தெரியாது. அவர் பக்கத்தில் நின்றபோதே நான் அவரைத் தொலைத்துவிட்டேன். பிற்பாடு கப்பல் ஏற்றிக்கொண்டு போனது, நான் முன்னாலேயே தொலைத்தவரைத்தான்.

வளைகாப்புக்கு என் அம்மா சோறு கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தாள். எல்லையில் மூட்டையை அவிழ்க்கச் சொல்லிச் சிப்பாய் புளிச்சோற்றைக் கிளறிவிட்டான் என்று திட்டிக்கொண்டே வந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், வளையல் போட்ட கையோடு என்னை அழைத்துப்போக வேண்டும். நாள் சரியில்லை என்று சொல்லி விட்டுவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் நாள் சரியில்லை என்று ஆள் அனுப்பினாள். அத்தை, "உங்க அம்மா பஞ்சாங்கத்துல நல்ல நாளே கெடையாதா?" என்று கேலி பேசினார். எனக்குக் காரணம் தெரியும். வளைகாப்பன்று வண்டி ஏறுமுன் அம்மா என் கையைப் பிடித்து, முகத்தைப் பார்க்காமல் வளையலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நம்ம வூட்ல எந்த அறையில உன்னப் படுக்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலடி." எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அறை. அக்கா விழுந்ததும் அதில்தான். அம்மாவும் என்னைப்போல நடக்காததில்தான் குடியிருக்கிறாள். நாளைத் தள்ளிப் போட்டால் நடக்காது என்று நினைக்கிறாள் போல. நான் அவளைத் தேற்றியிருக்கலாம். வளையலை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் மருத்துவச்சி கன்னியம்மா வந்தாள். பாகூரில் பாதிப் பேரை வெளியே இழுத்தவள் நான்தான் என்று சொல்லிக்கொள்வாள். அத்தையிடம் வெற்றிலை வாங்கி மென்றுகொண்டே என் வயிற்றைத் தடவி, தலை இறங்கிவிட்டது என்றாள். நான் சம்மணம் போட்டது போல உட்கார்ந்து, கால் இரண்டையும் புடவைக்குள் அடக்கி வைத்திருந்தேன். அப்போதே கொஞ்சம் வீக்கம் இருந்தது. மெட்டி இறுகவில்லை, அவ்வளவுதான். கன்னியம்மா என்னைப் பார்த்து, "இன்னாடி, கோழி முட்டமேல குந்திகினு இருக்கிற மாதிரி குந்திகினு இருக்க? காலுக்கடியில இன்னா பொதையல் வச்சிருக்க?" என்றாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஒரு நொடி போதும், காலை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். வெட்கம் இல்லை. அத்தையின் காது என் மெட்டிமேல் இருப்பது எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் உன் தாத்தா மேரியிலிருந்து வந்து மாட்டைக்கூடப் பார்க்காமல் படுத்துக்கொண்டார்.

அதனால் காலையிலிருந்து எனக்குள் இரண்டு பயம் ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. சொன்னால் மெட்டியை அறுப்பார்கள், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான்தான் காரணம் என்று ஆயுசுக்கும் தோன்றும். அத்தைக்கும் தோன்றும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அது இன்னும் மோசம். சொல்லாவிட்டால் அக்கா. தலைவலி எனக்கு இன்னும் இல்லை. இல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டே இருந்தால் வந்துவிடும்போல இருக்கிறது. குதிரின் இருட்டில் கண்ணை மூடித் திறந்து, மின்மினி பறக்கிறதா என்று நாலு முறை பார்த்துவிட்டேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. ஆனால் எழுத எழுத ஒன்று தெரிகிறது. உன் அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் விரலில் இருக்கிற வெள்ளி வளையத்துக்கும் தெரியாது. அவருக்கு நடப்பது அங்கே நடக்கும். எனக்குத் தெரிந்தது, இந்தக் கால் இப்போது வீங்கியிருக்கிறது. நீ இப்போது உதைக்கிறாய். ஆமாம், இந்த வரியை எழுதும்போது வலது விலாவுக்குக் கீழே உதைத்தாய், நோட்டு அசைந்து பென்சில் கோணலாகப் போயிற்று, பார். இந்த ஒரு உதையையாவது நான் விடாமல் பிடித்துவிட்டேன்.

உனக்கு என்னால் சொல்ல முடிகிற புத்தி பெரிதாக ஒன்றும் இல்லை. பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். நானே இப்படி நடுங்கிக்கொண்டு உனக்கு அதைச் சொன்னால் நீ சிரிப்பாய். பயப்படு, ஆனால் பயத்தைப் புடவைக்குள் மூடி வைக்காதே. உனக்குப் புடவை இல்லையென்றால் வேறு எதற்குள்ளாவது மூடி வைப்பாய், வைக்காதே. யாராவது உன்னை ஏரிக்குக் கூப்பிட்டால் போய்த் தண்ணீரைப் பார். உன்னிடம் ஒருவர், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால், உனக்குத் தெரிந்தால், எவ்வளவு சின்னவனாக இருந்தாலும், எவர் முந்தானைக்குப் பின்னால் நின்றாலும், சொல்லிவிடு. நான் சொல்லவில்லை. அக்காவின் காலில் பதினொரு நாளாக வீக்கம் இருந்தது. இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த எண்ணை எழுதுகிறேன்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து விதைக் கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார். தோல் நொறுங்குகிற சத்தம் இங்கே கேட்கிறது. ஆடிக்கு விதைக்க வேண்டும், மழை வருமா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் உடைக்கிறார். உன் தாத்தா இன்னும் மேரியிலிருந்து வரவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற புதுச்சேரிக்குக் கரி பஸ் மத்தியானம் ஒன்று உண்டு.

இதுவரை எழுதிவிட்டுப் பென்சிலை வைத்தேன். அதற்குப் பிறகு செய்ததை மட்டும் எழுதி நிறுத்துகிறேன். எழுந்து கூடத்துக்குப் போனேன். அத்தை தலை நிமிராமல், "இன்னாமா, சத்தமே இல்லாம வர?" என்றார். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். புடவையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, இரண்டு காலையும் மல்லாட்டைத் தோலின் மேல் நீட்டினேன். அத்தையின் கையைப் பிடித்து, அவர் கட்டைவிரலை என் கணுக்காலில் வைத்து அமுக்கினேன்.